மின்மினியும் கடிகாரமும்

பாலிக் புலாவிலிருந்து கடல் தாண்டிப் பெருநிலத்துக்குப் போய், தெற்கே நிபோங் திபாலை அடைந்தால் கிரியான் ஆறு ஓடுகிறது. இருட்டிய பிறகு அதன் கரையிலுள்ள பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் ஒன்றாக மின்னி, ஒன்றாக அணைவதைப் பார்க்கலாம். உறுமி மேளத்தில் தாளத்தை எடுத்துக்கொடுக்க ஒருவர் இருப்பார். இந்தப் பூச்சிகளுக்கு அப்படி யாரும் இல்லை. பின் எப்படி வந்தது இந்த ஒழுங்கு?

இதற்கு விடை தேடியவர்கள் கடிகாரத்திடம் போனார்கள். 1665-ல் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ், ஒரே விட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தார். ஒன்றின் ஊசல் இடப்பக்கம் போனால் மற்றதன் ஊசல் வலப்பக்கம் போயிற்று. கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்துக்குள் பழைய இசைவுக்கே திரும்பின. விட்டத்தின் வழியே சென்ற மிகச் சிறிய அசைவுதான் காரணம்.

1990-ல் மிரொல்லோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் ஒவ்வொரு மின்மினியையும் ஒரு கடிகாரமாகவே எடுத்துக்கொண்டார்கள். அடுத்தது மின்னுவதைக் கண்டால் இதன் முள் சற்று முன்னே நகரும். அவ்வளவுதான் விதி. எப்படித் தொடங்கினாலும் அநேகமாக எல்லாம் ஒன்றாக மின்னுவதிலேயே முடியும் என்று நிரூபித்தார்கள்.

உயிருள்ள பூச்சியை இயந்திரமாக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கணக்கில் எல்லாப் பூச்சியும் ஒரே மாதிரி. ஒவ்வொன்றும் மற்ற அனைத்தையும் பார்க்கும். மரத்தில் அப்படியா? இலை மறைக்கிறதே! பூச்சிகளை நேரில் ஆராய்ந்தவர்கள், டெரோப்டிக்ஸ் மலாக்கே என்ற நம் பக்கத்து இனம் தன் வேகத்தையே மெல்ல மாற்றிக்கொள்வதைக் கண்டார்கள். 1991-ல் எர்மென்ட்ரவுட் என்பவர் அதற்கேற்ப வேறொரு கணக்கை அமைத்தார். இப்படிப் பூச்சியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வரையில் இந்த முறை செல்லும் என்பதே நம் கருத்து.

ஆனால் அடுத்த ஆண்டும் மின்மினி இருக்குமா என்று கேட்டால் கடிகாரக் கணக்கு வாய் திறக்காது. கோலசிலாங்கூருக்கு அருகே கம்போங் குவாந்தானில் புகழ்பெற்ற மின்மினி இனத்தின் புழுக்கள் ஆற்றோர ஈர மண்ணில் வாழ்ந்து, சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. செம்பனைக்காகக் கரை வரை வெட்டித் துப்புரவாக்கினால், பெரெம்பாங் மரம் நின்றாலும் புழுவுக்கு இடமில்லை. அதை அறியச் சேற்றில் இறங்கி நத்தையை எண்ண வேண்டும். எந்த ஆண்டு எந்தக் கரையில் எதை வெட்டினார்கள் என்பதோ, அங்கே கத்தி பிடித்த தோட்டத்து ஆட்களுக்குத்தான் தெரியும்.