தாவாக்கட்டையில் அடிபட்டால்

காதுக்கு முன்னால் விரலை வையுங்கள். வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே ஏதோ அசைகிறது அல்லவா? அதுதான் தாடை மூட்டு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. சாப்பிட, பேச, கொட்டாவி விட இந்த மூட்டு வேண்டும்.

நம் கௌதள்ளி மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. வண்டி சறுக்கி விழுகிறோம். பிள்ளைகள் மரம் ஏறி விழுகிறார்கள். தாவாக்கட்டை தரையில் மோதுகிறது. வெளியே சிறு காயம்தான் தெரியும். தையல் போட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் அடியின் வேகம் மேலே போய், காதோரம் உள்ள மெல்லிய எலும்பை உடைத்திருக்கலாம். அடிபட்டது ஓர் இடம், உடைந்தது வேறு இடம்!

அப்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்போலப் பொருந்தாது. வாயைத் திறந்தால் தாடை ஒரு பக்கம் இழுக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

சிலருக்கு டாக்டர் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டுவார். சில வாரம் கஞ்சிதான். கம்பியை எடுத்ததும் பலர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போவதில்லை. கூலி போகுமே என்ற கவலை. ஆனால் அசையாத மூட்டு இறுகிவிடும். வருடங்கள் கழித்தும் மெல்லும்போது வலிக்கும். ‘டக் டக்’ என்று சத்தம் வரும்.

குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மூட்டுக்குள் கசிந்த ரத்தம் உறைந்து, நாளடைவில் எலும்பாகிவிடலாம். தாடை மண்டை எலும்போடு ஒட்டிக்கொள்ளும். வாயில் விரல்கூட நுழையாது. பல் விளக்க முடியாது, சொத்தை விழும். தாடை வளராமல் மோவாய் உள்ளே போய்விடும். தூக்கத்தில் மூச்சு முட்டும். இதைப் பிறவிக் குறை என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். பல பேருக்கு அது பிறவிக் குறையே அல்ல. என்றோ விழுந்ததன் பலன்.

இதற்கு ஆபரேஷன் உண்டு. ஒட்டிய எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்குவார்கள். பிறகு மாதக் கணக்கில் வாயைத் திறந்து மூடிப் பயிற்சி செய்ய வேண்டும். வலிக்கிறது என்று விட்டால் மறுபடியும் ஒட்டும். பயிற்சியை எப்போது தொடங்குவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மூன்று விரலைச் சேர்த்து, நிமிர்த்தி, முன்பற்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். நுழைகிறதா? பெரும்பாலானவர்களுக்கு நுழையும். பாக்கு, குட்கா போடுகிறவர்களுக்கும் வாய் சுருங்கும். அது வேறு நோய். அதையும் காட்டத்தான் வேண்டும்.

மைசூரில் கே.ஆர். ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. போகும்போது பழைய சீட்டையும் எக்ஸ்ரே படத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.