விசைப்பலகையும் மெய்ம்மயக்கமும்

திருவொற்றியூர் என்னும் ஊர்ப்பெயரைக் கணிப்பொறியில் எழுத எத்துணை விசைகளைத் தட்டுதல் வேண்டும்? தமிழ்99 விசைப்பலகையில் 13; எண்ணூருக்கு 6. இவ்வெண்ணிக்கையின் பின்னே இலக்கணம் நிற்பதனை ஈண்டு விளக்க முயல்கிறோம்.

எழுத்துக்கேற்ற பலகை தேடுதல் பிறமொழியார்க்கும் நேர்ந்ததே. டேனிய மொழியார் தம் சிறப்பெழுத்துகள் மூன்றுக்கும் தனி விசைகளை ஒதுக்கிக்கொண்டனர். போலந்து மொழியார்க்கு அத்தகைய எழுத்துகள் 9. ஆங்கிலப் பலகையிலேயே வலப்புறத் துணைவிசையை அழுத்தி அவற்றைப் பெறுதலே அவரிடைப் பெருவழக்கு. உரோமன் எழுத்தினர்க்கு இவை எளிய வழிகள். தமிழுக்கு அவை போதா.

யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா அமைத்த தட்டச்சுப்பொறியின் வழிவந்த பலகை எழுத்தின் வடிவை நோக்கியது. 'வொ' எழுத முதலிற் கொம்பு, அடுத்து வகரம், பின்னர்க் கால். பொறியின் எல்லைக்குள் அஃது அருஞ்செயலே.

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 பலகையோ ஒலியை நோக்கியது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. வகரமும் ஒகரமும் தட்டின் 'வொ' பிறக்கும். றகரத்தை இருமுறை தட்டின் முன்னதன்மேற் புள்ளி தானே ஏறும். ஙகரத்தின் பின் ககரம், நகரத்தின் பின் தகரம் என இனவெழுத்து வரினும் அவ்வாறே. தொல்காப்பியர் நூன்மரபில் ஓதிய மெய்ம்மயக்கத்தின் ஒரு கூறு பொறிக்குள் விதியாய் அமர்ந்தது என்க. 'மமதை' எழுதுவோர் மட்டும் முதல் மகரத்தின் பின் அகர விசையையும் தட்டுதல் வேண்டும். இன்றேல் 'ம்மதை' ஆகிவிடும். மொழிமுதலில் மெய் தனித்து நில்லாது என்பதனைப் பலகை அறியாது போலும்!

எமக்குக் கவலை தருவது பிறிதொன்று. வடசென்னை மாணவருட் பலர் கைப்பேசியில் உரோமன் எழுத்தின் வழியே தமிழ் எழுதுகின்றனர். எண்ணூர்ப் பிள்ளை தன் ஊரை 'என்னூர்' என்று எழுதித் தருகிறான். பொருள் ஒருவகையிற் பொருந்துகிறது; ஊர்ப்பெயர் தொலைகிறது! ஆங்கிலத்தில் ஊர்ப்பலகை காட்டும் எழுத்துகளை அப்படியே தட்டினால் திருவொற்றியூர் 'திருவொட்டியூர்' ஆகின்றது. றகர இரட்டையும் டகர இரட்டையும் ஆண்டு ஒன்றாய்விடுகின்றன. பொறி தரும் முதல் வடிவையே மெய்யென நம்பும் மாணவனைப் பிழை திருத்துதல் எளிதன்று.

தட்டச்சுப் பயிலகங்களிற் பழகிய மூத்தோர் விரல்களை மாற்றுக என யாம் வற்புறுத்தோம். புதிதாய்த் தொடங்குவோர்க்கு ஒலிவழிப் பலகையே தக்கது. எம் வகுப்பில் முதற்பயிற்சியாக அந்த 6 விசைகளையே கொடுத்து வருகிறோம்: எ, ண, ண, ஊ, ர, புள்ளி.