மழலை பேசும் குருவியும் வௌவாலும்

ஒரு குழந்தை 'அம்மா' என்றோ 'உம்மா' என்றோ முதன்முதலாக அழைப்பதற்கு முன்னர், பல மாதங்கள் பொருளற்ற ஓசைகளை எழுப்பிப் பழகுகின்றது. இம்மழலைப் பருவம் மனிதருக்கு மட்டுமே உரியதன்று. அவுஸ்திரேலியாவில் வாழும் சீப்ரா பிஞ்ச் என்னும் சிறு குருவியிடமும், மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும், சிறகில் சிறு பையுடைய ஒருவகை வௌவாலிடமும் அது காணப்படுகின்றது.

சீப்ரா பிஞ்ச் இனத்தில் ஆண் பறவையே பாடும். ஆண் குஞ்சு தந்தையின் பாட்டைச் செவிமடுத்து மனதிற் பதித்துக்கொள்கின்றது. பின்னர் தெளிவற்ற ஒலிகளை எழுப்பி, தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்கின்றது. சுமார் 3 மாதங்களில் பாட்டு உறுதிப்பட்டுவிடும். அதன் பின்னர் அது பெரிதும் மாறுவதில்லை. அக்காலப்பகுதியில் வளர்ந்த பறவையின் பாட்டைக் கேளாத குஞ்சு, பின்னாளில் இயல்பற்ற பாட்டையே பாடுகின்றது.

வௌவாலின் நிலை சற்று வேறானது. பனாமாவிலும் கொஸ்தாரிக்காவிலும் இவ்வினத்தின் 20 குட்டிகளை அவதானித்த விஞ்ஞானிகள் தமது முடிவுகளை 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குட்டிகள் பல வாரங்களாக, சில வேளைகளில் ஒரே தடவையில் 40 நிமிடங்களுக்கும் மேலாக, அசைகளைத் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. வளர்ந்த ஆண் வௌவால் தன் எல்லையைக் காக்கப் பாடும் பாட்டின் அசைகளும் அவற்றுள் அடங்கும். அப்பாட்டைப் பிற்காலத்தில் பாடாத பெண் குட்டிகளும் இவ்வாறே மழலை பேசுகின்றன. குருவியிலிருந்து வௌவால் வேறுபடும் முக்கிய அம்சம் இதுவாகும்.

பறவைகளினதும் பாலூட்டிகளினதும் பரம்பரைகள் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்துவிட்டன. மனிதனுக்கு நெருங்கிய குரங்கினங்களிடம்கூட, கேட்டுப் புதிய ஒலிகளைப் பழகும் ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே இவ்வாற்றல் தனித்தனியே தோன்றியதென்றே கருதப்படுகின்றது. எனினும் வழி ஒன்றுதான்: இளமையிலே கேட்டல், பழகுதல், திருத்தல்.

இதில் பெற்றோர் கருத்திற்கொள்ள வேண்டிய விடயம் ஒன்றுண்டு. செவிப்புலன் குறைந்த குழந்தையின் மழலை தாமதமாகின்றது. 'காலம் வந்தால் தானாகப் பேசும்' என்று காத்திருப்பதால் இழக்கப்படுவது மொழி கற்கும் பருவமே. பிறந்து 1 மாதத்துக்குள் செவிப்புலனைப் பரிசோதித்து, குறையிருப்பின் 6 மாதத்துக்குள் உதவியை ஆரம்பிக்க வேண்டுமென மருத்துவ வழிகாட்டல்கள் கூறுகின்றன. சைகை மொழியைக் கண்டு வளரும் செவிப்புலனற்ற குழந்தைகள் கைகளாலேயே மழலை பேசுவதை 1991ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. செவிவழியாயினும் விழிவழியாயினும், குழந்தைக்கு மொழி உரிய காலத்தில் கிடைக்க வேண்டும்.