சிகரெட் பெட்டியிலேயே இருக்கிறது உதவி எண்

ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் முடிந்ததும் டீயோடு ஒரு சிகரெட் பற்றவைக்கிறவரா நீங்க? பெட்டியைத் திருப்பிப் பாருங்க: 1800-11-2356. 2018 செப்டம்பரிலிருந்து அச்சிடுகிறார்கள். நாமதான் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பதோடு சரி.

கட்டணமில்லாத எண். திங்கள் தவிர காலை 8 முதல் இரவு 8 வரை தமிழிலேயே பேசலாம். புகையை விடும் நாளை உங்களோடு சேர்ந்து குறித்து, பிறகு அவர்களே அழைத்து விசாரிப்பார்கள். பேசக் கூச்சமா? 011-22901701க்கு மிஸ்டு கால் கொடுங்க, குறுஞ்செய்தியாக ஆலோசனை வரும்.

முதல் சில நாள்தான் கஷ்டம். ஆசை கிளம்பினால் சில நிமிடத்தில் தணிந்துவிடும். அதுவரை எழுந்து நடங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ஆண்டாள் கோயில் ரத வீதி இருக்கவே இருக்கு. வாரம் 150 நிமிடம் வேகநடை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணி. நடுவில் தவறி ஒன்று பிடித்துவிட்டால் வெட்கப்படாம அதே எண்ணை மறுபடி கூப்பிடுங்க.