மரவீட்டில் தங்கி கடாரம் காண்போம்: பூஜாங் பள்ளத்தாக்கு பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் கேமரன் மலை, லங்காவி, பினாங்கு என்ற மூன்று பெயர்கள்தாம் அடிபடும். கடாரம் என்ற பெயரை விழா மேடைகளில் கேட்டுக் கைதட்டுகிறோம். அந்த மண்ணுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? போனவர்களிலும் பலர், லங்காவிக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டு, “வெறும் கல்தானே கிடக்கிறது” என்று சொல்லித் திரும்பியவர்கள்.

குறை அந்த இடத்தில் இல்லை. முன்தயாரிப்பு இல்லாமல், அவசரமாகப் போவதில்தான் இருக்கிறது. கெடாவின் குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் இரண்டு இரவு தங்கினால் காடு, அருவி, சதுப்புநிலக் காடு, பழங்காலக் கோயில் மேடைகள் ஆகிய நான்கையும் நிதானமாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது?

பூஜாங் பள்ளத்தாக்கு என்பது ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடைப்பட்ட வட்டாரம். மெர்போக், செமெலிங், பீடோங், சுங்கைப்பட்டாணி ஆகிய ஊர்கள் இதைச் சுற்றி உள்ளன. காரில் வருபவர்கள் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து சுங்கைப்பட்டாணி அல்லது குரூண் வழியாக இறங்கலாம். பினாங்கிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். இ.டி.எஸ். ரயில் சுங்கைப்பட்டாணியில் நிற்கிறது. ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் சிதறிக் கிடப்பதால், ரயிலில் வந்தாலும் அங்கிருந்து ஒரு வாகனம் தேவைப்படும்.

ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். சமவெளியில் தனித்து நிற்பதால் கடலில் வெகு தூரத்திலிருந்தே தெரியும். வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு இந்த மலைதான் அடையாளம். அக்காலத்தில் கடலோரம் இன்றைக்கு இருப்பதைவிட உள்ளே தள்ளி இருந்தது. இங்கே ஒரு துறைமுகம் ஏன் உருவானது என்று பிள்ளைகள் கேட்டால் மலையைக் காட்டுங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

மரவீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது

வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல் முழு மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய வீட்டை இங்கே தேடாதீர்கள். நம் நாட்டில் கிடைப்பது பலகைச் சுவரும் மரத்தூண்களும் கொண்ட சாலேக்கள், கம்பத்து வீட்டு ஹோம்ஸ்டேக்கள். பதிவு செய்யும் முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

• வாசலில் எத்தனை படி? பாட்டி, தாத்தா வருகிறார்கள் என்றால் இதுதான் முதல் கேள்வி.
• குளியலறை வீட்டுக்குள் உள்ளதா, வெளியேவா?
• சன்னல்களில் கொசுவலை உண்டா?
• சமைக்க இடம் உண்டா? சைவம் சாப்பிடுபவர்கள் சொந்தமாக ஒரு ரைஸ் குக்கர் கொண்டுபோவது நல்லது.
• ஆற்றங்கரையிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரத்தில் உள்ளது?

கடைசிக் கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு இறங்கிய வெள்ளம், யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. இதைத்தான் மலாயில் ‘கெப்பாலா ஆயர்’ என்கிறார்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலையுச்சியில் பெய்த மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பொருள்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். அருவிக் குளியலும் திட்டத்தில் இருந்தால் இதைப் பார்த்து நாளைக் குறியுங்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதையும் மறவாதீர்கள். வெள்ளி நண்பகலில் தொழுகைக்காக அலுவலகங்கள் மூடப்படும்; அன்று போவதானால் அருங்காட்சியக நேரத்தை முன்னரே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

மூன்று நாள் திட்டம்

முதல் நாள்: மதியத்திற்குள் வந்து சேருங்கள். மாலையில் மெர்போக் அருகிலுள்ள தூப்பா அருவிப் பக்கம் போகலாம். மேகம் கறுத்திருந்தால் மரவீட்டிலேயே இருங்கள். மழை நின்றதும் காட்டுச் சத்தம் கேட்பதே பிள்ளைகளுக்குப் புது அனுபவம். உணவை வெளியே வைக்காதீர்கள், குரங்குகள் காத்திருக்கும்.

இரண்டாம் நாள்: வெயில் ஏறுமுன் மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்குப் போய்விடுங்கள். காட்சிக்கூடத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு வெளியே உள்ள சண்டிகளுக்குச் செல்வதே சரியான வரிசை. மதியம் ஓய்வு. மாலையில் மெர்போக் ஆற்றுச் சதுப்புநிலக் காட்டைப் படகில் சுற்றிவரலாம். அன்றைய வணிகர்கள் உள்ளே வந்த நீர்வழி எப்படி இருந்திருக்கும் என்பது படகில் உட்கார்ந்தால்தான் புரியும்.

மூன்றாம் நாள்: காலையில் ஜெராய் மலைக்குப் போகலாம். மலைச்சாலை திறந்திருக்கிறதா, சொந்தக் கார் போகலாமா என்று முதல் நாளே விசாரியுங்கள். இறங்கியபின் செமெலிங் அருகே உள்ள சுங்கை பத்து அகழாய்வுத் தளத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம்.

கல்லை எப்படிப் பார்ப்பது?

கோபுரத்தை எதிர்பார்த்துப் போகும் பிள்ளை, “கோயில் எங்கே அப்பா?” என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு நாம் தயாராக இருக்க வேண்டும்.

அருங்காட்சியக வளாகத்தில், ஆற்றோரம் உள்ள புக்கிட் பத்து பாஹாட் சண்டிதான் இங்கே மீட்டமைக்கப்பட்டவற்றில் பெரியது. பெண்டியாட், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களில் கிடைத்த சண்டிகளும் இதே வளாகத்திற்குக் கொண்டுவரப்பட்டு அடுக்கப்பட்டுள்ளன. நாம் காண்பது பெரும்பாலும் அடித்தளம் மட்டுமே. கருவறை இருந்த மேடு ஒரு பக்கம், மண்டபம் இருந்த தளம் மறுபக்கம். மண்டபத் தளத்தில் வரிசையாக உள்ள கற்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவை தூண்களின் பாதக்கற்கள். அவற்றின்மேல் நின்றவை மரத்தூண்கள். கூரையும் மண்ணில் மக்கிப்போகும் பொருள்களால் ஆனது. மரம் போய்விட்டது, கல் நின்றுவிட்டது.

முந்தைய இரவு மரவீட்டில் தூங்கிய பிள்ளைக்கு இது சட்டென்று விளங்கும். “நாம் தங்கிய வீட்டைக் காட்டில் விட்டுவிட்டால் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு என்ன மிஞ்சும்?” என்று கேட்டுப் பாருங்கள். தூணுக்கு அடியிலுள்ள கல் மட்டும்தான் என்று அதுவே பதில் சொல்லும்.

இந்தச் சண்டியை ஆராய்ந்தபோது, புதைக்கப்பட்டிருந்த கல் பேழைகள் கிடைத்தன. கோயில் கட்டும்போது பொன்னும் மணியும் வைத்துப் புதைக்கும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். பாட்டி இருந்தால் அவரையே விளக்கச் சொல்லுங்கள்.

சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தி வந்துள்ளது. இரும்பு உருக்கிய தடயங்கள், உலைக்குக் காற்றூதிய மண்குழாய்கள், செங்கல் கட்டுமானங்கள் அங்கே வெளிப்பட்டன. அவற்றின் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

இராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்தின்மீது படையெடுத்ததைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. அதைப் பெருமையோடு சொல்லலாம். ஆனால் “இதெல்லாம் சோழர் கட்டியது” என்று சொல்லிவிடக் கூடாது. சோழர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இது வாணிகம் செழித்த இடம். இங்கே இந்து வழிபாடும் இருந்தது, பௌத்தமும் இருந்தது. இரும்பை உருக்கியது இந்த மண்ணிலேயே.

போரைப் போலவே நட்பும் நடந்தது. அதே இராஜேந்திரனின் தந்தை இராஜராஜன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாக வழங்கப்பட்டதை லெய்டன் செப்பேடு பதிவு செய்துள்ளது. போனவர்களும் வந்தவர்களும் இருந்தார்கள் என்ற முழுக்கதையைச் சொன்னால் பிள்ளைகள் இந்த மண்ணை இன்னும் நெருக்கமாக உணர்வார்கள்.

ஏன் இப்போதே போக வேண்டும்?

2013-இல் இந்தப் பள்ளத்தாக்கில் 11 என்ற எண் கொண்ட சண்டி, நில மேம்பாட்டு வேலையின்போது இடிக்கப்பட்டது. செய்தி வெளியானதும் நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. நம் சமூகத்திலும் பலர் கொதித்தோம். ஆனால் அது இடிக்கப்படுவதற்கு முன் அதைப் போய்ப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தைக் காப்பாற்றக் குரல் எழுவது கடினம். குடும்பங்கள் வந்து போகும் இடத்தில் கைவைக்க எவரும் யோசிப்பார்கள்.

போகும்போது சண்டிகளின்மீது ஏறிப் படம் எடுக்க வேண்டாம். ஓட்டுத் துண்டோ செங்கல்லோ நினைவுப் பொருளாக எடுத்து வர வேண்டாம். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் அவற்றைக் காக்கிறது. அருங்காட்சியகத்தில் வருகைப் பதிவேடு இருந்தால் குடும்பத்தில் எல்லாரும், சிறு பிள்ளையும்கூட, பெயரை எழுதிவிட்டு வாருங்கள். நாங்கள் வந்தோம் என்பதற்கு அது சாட்சி.