முன் அச்சில் எண்ணெய்க் கசிவு

பங்சாரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாகன நிறுத்துமிடத்தில், அண்டை வீட்டுக்காரரின் ஹைலக்ஸ் வண்டிக்குக் கீழே ஒருநாள் எண்ணெய்க் கறை தெரிந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதைக் கண்டதும் அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஒரு பட்டறையில் முன் அச்சின் ஆயில் சீலை மாற்றியிருந்தார். இப்போது அதே இடத்தில் மீண்டும் கசிவு. டுரியான் பருவமும் தொடங்கிவிட்டது. பெந்தோங் அருகே உள்ள அவருடைய சிறு தோட்டத்துக்குப் போக ஓர் ஓடையைக் கடந்தாக வேண்டும். விழுந்த பழங்களை அன்றே பொறுக்கி விற்காவிட்டால் நட்டம்.

புதிய சீல் ஏன் இரண்டே மாதத்தில் கசிந்தது? இதற்கு விடை காண, முன் அச்சில் உள்ள டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கரப் பெட்டியைப் பற்றி முதலில் அறிந்துகொள்வோம்.

வண்டி நேராக ஓடும்போது இடச்சக்கரமும் வலச்சக்கரமும் ஒரே தூரத்தைக் கடக்கின்றன. வளைவில் அப்படி இல்லை. இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். வண்டி 90 பாகை திரும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடச் சுமார் 2.4 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். கணிதப் பாடத்தில் படித்த வட்டத்தின் சுற்றளவைக் கொண்டு இதை நீங்களே கணக்கிடலாம். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வேறுபாடு மாறாது என்பது வியப்பாக இருக்கும். இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். இயந்திரத்தின் விசையை இரண்டுக்கும் அளித்துக்கொண்டே, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிப்பதே டிஃபரென்ஷியலின் வேலை. 1820களிலேயே பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கூர் என்பவர், நீராவி வண்டிக்காக இந்த அமைப்பை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியில் பின்னச்சில் ஒன்றும் முன்னச்சில் ஒன்றுமாக இப்பெட்டிகள் இருக்கும்.

பெட்டிக்குள் வண்டியின் வகைக்கேற்ப ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை கியர் எண்ணெய் இருக்கும். பற்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி உரசுவதால் மிகுந்த அழுத்தம் உண்டாகிறது. அதைத் தாங்குவதற்காக இவ்வெண்ணெயில் கந்தகச் சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. அழுகிய முட்டையை நினைவூட்டும் அதன் நெடிக்கு அதுவே காரணம். எண்ணெய் வற்றினால் பற்கள் சூடேறித் தேயும். பெட்டி இறுகிப்போனால், நெடுஞ்சாலை வேகத்தில் முன்சக்கரம் சட்டெனப் பூட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. இரு சக்கர இயக்கத்தில் ஓடும்போதுகூடப் பெரும்பாலான வண்டிகளில் முன்பெட்டியின் சில பற்சக்கரங்கள் சுழன்றுகொண்டுதான் இருக்கும். ஆகவே, காட்டுப் பாதைக்குப் போகாதவரை கவலையில்லை என்று எண்ணுவது தவறு.

தரையில் காணும் துளியெல்லாம் கியர் எண்ணெய் என்று முடிவு செய்துவிடக் கூடாது. சிவப்பு நிறமானால் தானியங்கிக் கியர்ப்பெட்டியிலிருந்தோ ஸ்டீரிங்கிலிருந்தோ வந்திருக்கலாம். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் நீர்போல் இருந்தால் அது குளிர்விப்பு நீர். இளமஞ்சள் நிறத்தில் மெல்லியதாக, சக்கரத்தின் அருகே சொட்டினால் பிரேக் திரவமாக இருக்கக்கூடும். அப்படியானால் வண்டியை நகர்த்தவே கூடாது. அண்டை வீட்டுக்காரர் ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றிப் பார்த்தார். பழுப்பு நிறம், பிசுபிசுப்பு, கந்தக நெடி. ஐயமே இல்லை.

இம்முறை அவர் வேறொரு பட்டறைக்குச் சென்றார். நானும் உடன் சென்றேன்.

“அண்ணே, போன தடவை போட்ட சீல் மட்டமா?” என்று கேட்டார்.

“சீலைக் குறை சொல்லாதீங்க தம்பி. பெட்டி மூச்சு விட முடியாம தவிக்குது” என்றார் அந்த மூத்த மெக்கானிக்.

அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. பெட்டியின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்தார். சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு வந்து மீண்டும் பார்த்தார். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளுவதால் ஈரம் எங்கும் பரவிக் கிடக்கும். மேலேயும் முன்னேயும் முதலில் நனைந்த இடமே ஊற்று. அது இடப்பக்க அச்சுத்தண்டின் சீல். அதன்பின் பெட்டியின் உச்சியில் இருந்த சுண்டுவிரல் அளவு குழாயைக் காட்டினார். அது செம்மண்ணால் முழுமையாக அடைபட்டிருந்தது.

அதுதான் பெட்டியின் மூச்சுக்குழாய். உள்ளிருக்கும் காற்று 27 பாகை செல்சியசிலிருந்து 87 பாகைக்குச் சூடேறுகிறது என்று கொள்வோம். வெளியேற வழியில்லாவிட்டால் அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு உயரும். அறிவியல் பாடத்தில் வரும் வாயு விதியேதான் இது. அந்த அழுத்தம் எண்ணெயைச் சீலின் மெல்லிய இரப்பர் விளிம்பு வழியே பிதுக்கித் தள்ளும். சூடான வண்டி குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. காற்று சுருங்கும், பெட்டி ஓடை நீரையே உள்ளே உறிஞ்சிவிடும். 1997 முதல் நம் நாட்டுக் காடுகளில் நடைபெறும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளுக்குச் செல்லும் வண்டிகளில், இந்தக் குழாயை நீட்டி நீர் எட்டாத உயரத்தில் பொருத்தியிருப்பார்கள்.

பெட்டி ஆறிய பிறகு வேலை தொடங்கியது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பகுதியை உறுதியான தாங்கிகள்மீது ஏற்றினார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. அடுத்து, எண்ணெய் ஊற்றும் மூடியைத்தான் முதலில் திறந்தார். வடிக்கும் மூடியை அல்ல. ஏனென்று கேட்டேன். எண்ணெயை வடித்த பிறகு மேல்மூடி துருப்பிடித்துத் திறக்க வராவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான் என்று சிரித்தார்.

வடிந்த எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தது. நீர் கலந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. வடிமூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டுமே ஒட்டியிருந்தது. அது இயல்பான தேய்மானம். உலோகச் சில்லுகள் இருந்திருந்தால் பற்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள், செலவு பன்மடங்காகியிருக்கும்.

அச்சுத்தண்டை உருவி, சீல் உரசும் இடத்தை நகத்தால் வருடிப் பார்த்தார். பள்ளம் விழுந்திருந்தால் எத்தனை புதிய சீல் போட்டாலும் கசிவு நிற்காது. நல்ல வேளை, வழவழப்பாகவே இருந்தது. புதிய சீலின் விளிம்பில் எண்ணெய் தடவி, கோணாமல் நேராகத் தட்டி இறக்கினார். மூச்சுக்குழாயை மாற்றி, அதில் ஓர் இரப்பர்க் குழாயைச் செருகி இயந்திர அறைவரை உயர்த்திக் கட்டினார். பிறகு கையேட்டில் குறித்த தரத்து எண்ணெயை, ஊற்றும் துளையின் கீழ்விளிம்பில் வழியும்வரை நிரப்பினார். என் பார்வையில், அன்று செய்த வேலைகளில் மிகவும் மலிவானது அந்த இரப்பர்க் குழாய்தான். மிகவும் தேவையானதும் அதுவே.

பழைய எண்ணெயை மூடியுள்ள கலனில் சேர்த்து வைத்தார்கள். 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் ஒழுங்குமுறைகளின்படி, பயன்படுத்திய மசகெண்ணெய் அட்டவணையிடப்பட்ட கழிவுப் பொருளாகும். பங்சாரின் ஓரமாகக் கிள்ளான் ஆறு ஓடுகிறது. இங்கே சாக்கடையில் கொட்டும் எண்ணெய் அந்த ஆற்றில்தான் போய்ச் சேரும்.

அன்றிரவு அண்டை வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்து வைத்தார். மறுநாள் விடியுமுன் தோட்டத்துக்குப் புறப்பட்டார். மாலையில் திரும்பியவர் அதே அட்டையின்மீது வண்டியை நிறுத்திவிட்டு, எங்களுக்கு இரண்டு டுரியான் பழங்களைக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அட்டையில் சேற்றுத் தடம் மட்டுமே இருந்தது.