அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடர்களின் அத்தியாயங்களை மதிப்பிடும் நெறி: 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' தொடரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொலைக்காட்சித் தொடரின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனித்தனியே பார்த்து மதிப்புரை எழுதும் வழக்கம் இன்று பரவலாகியுள்ளது. அசைவூட்டத் தொடர்களைப் பொறுத்தவரை இவ்வழக்கம் சில தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்கிறது. அத்தியாயங்கள் உருவான வரிசை, அவற்றை வரைந்த கூடங்கள், ஒளிபரப்பு விதிகள் ஆகியவற்றைக் கருதாமல் எழுதப்படும் மதிப்புரை, ஒருவர் பணியில் நேர்ந்த குறையை மற்றொருவர்மேல் ஏற்றிவிடுகிறது. சில வேளைகளில் கட்டாயத்தால் விளைந்த சிறப்பைக் காணவும் தவறிவிடுகிறது. 1992 முதல் 1995 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' என்னும் மீநாயகத் தொடரின் சில அத்தியாயங்களைக் கொண்டு, அத்தியாய மதிப்பீட்டுக்கு உரிய நெறிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அசைவூட்டம், மீநாயகன், அத்தியாய மதிப்புரை, ஒளிபரப்பு வரிசை, தணிக்கை, குறிப்புப்பொருள், மெய்ப்பாடு.

முன்னுரை

நாவலை மதிப்பிடுவோர் முழு நூலையும் படித்துவிட்டே எழுதுகின்றனர். தொலைக்காட்சித் தொடரை மதிப்பிடுவோர் அவ்வாறு செய்வதில்லை. தொடர் முடிவதற்கு முன்பே ஒவ்வோர் அத்தியாயமும் தனிப் பனுவலாகக் கொள்ளப்பட்டு மதிப்பெண் பெறுகிறது. அத்தியாயத்தைத் தன்னளவில் முழுமையுடைய ஒன்றாகக் கருதுவதா, பெரும் பனுவலின் ஓர் உறுப்பாகக் கருதுவதா என்னும் வினா இங்கு எழுகிறது. தனிப்பாடலுக்கும் தொகைநூலுக்கும் இடையிலான உறவை நன்கறிந்த தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வினா புதியதன்று. எனினும், சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என ஒதுக்கப்பட்டமையால் அசைவூட்டத் தொடர்களில் இவ்வினா போதிய அளவு பொருத்திப் பார்க்கப்படவில்லை.

தொடரின் உருவாக்கம்

இத்தொடரை உருவாக்கியோர் புரூஸ் டிம், எரிக் ரடோம்ஸ்கி ஆகிய இருவர். ஆலன் பர்னெட், பால் டினி முதலியோர் கதையமைப்பில் பெரும்பங்கு ஆற்றினர். பேட்மேனாகக் கெவின் கான்ராயும் ஜோக்கராக மார்க் ஹாமிலும் குரல் கொடுத்தனர். குரல் இயக்கத்தை ஆண்ட்ரியா ரொமனோவும், இசையின் பெரும்பகுதியை ஷெர்லி வாக்கரும் மேற்கொண்டனர். பேட்மேனுக்கு ஒரு குரலும், அவனது மறுவடிவாகிய புரூஸ் வெய்னுக்கு வேறொரு குரலும் எனக் கான்ராய் பிரித்துப் பேசியது இத்தொடரின் தனித்தன்மைகளுள் ஒன்று.

பின்புலக் காட்சிகளை வெள்ளைத் தாளில் வரைவதே பொதுவான முறை. ரடோம்ஸ்கி இதனை மாற்றிக் கருந்தாளின்மேல் வெளிர்நிறங்களைத் தீட்டச் செய்தார். இம்முறையில் இருள் தாளிலேயே இருக்க, அதன்மேல் ஒளியை மட்டும் ஓவியர் சேர்க்கிறார். காத்தம் நகரின் இரவுத்தன்மை இவ்வாறு வரைதளத்திலிருந்தே பிறக்கிறது.

முதற்கட்டமாக 65 அத்தியாயங்கள் உருவாக்கப்பட்டன. வாரத்துக்கு ஐந்து நாள் என 13 வாரங்களுக்குப் போதுமான எண்ணிக்கை இது. பின்னர் மேலும் 20 சேர, மொத்தம் 85 ஆயிற்று. இந்த எண்ணிக்கையும் வேகமும் மதிப்பீட்டாளர் முதலில் அறியவேண்டிய செய்திகளாகும். ஏனெனில் பல அத்தியாயங்கள் ஒரே காலத்தில் வெவ்வேறு இடங்களில் உருவாயின. முடிந்த வரிசையிலோ எழுதப்பட்ட வரிசையிலோ அவை ஒளிபரப்பாகவில்லை.

அத்தியாய வரிசையும் பொருள்கோடலும்

முதலில் உருவாக்கப்பட்ட அத்தியாயம் 'ஆன் லெதர் விங்ஸ்'. முதலில் ஒளிபரப்பானதோ 1992 செப்டம்பர் 5 அன்று வந்த 'தி கேட் அண்ட் தி க்ளா' என்பதன் முதற்பகுதி. இதில் பூனைப்பெண் அறிமுகமாகிறாள். அவள் இடம்பெற்ற 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' திரைப்படம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் வெளியாகியிருந்தது. இவ்விருபகுதிக் கதையின் இரண்டாம்பகுதி செப்டம்பர் 12 அன்று ஒளிபரப்பாயிற்று. இடைப்பட்ட ஒரு வாரத்தில் வேறு கதைகள் வந்தன. முதல் ஒளிபரப்பில் பார்த்தவர்க்கு இக்கதை ஒரு வார இடைவெளியில் அறுபட்ட கதை. பின்னாளில் குறுந்தகட்டில் பார்ப்பவர்க்கோ தொடர்ச்சியான நாற்பது நிமிடக் கதை. இரு சாராரும் ஒரே கதையை ஒரே முறையில் பார்த்ததாகக் கொள்ள இயலாது.

ஜோக்கரின் அறிமுகம் இதனினும் தெளிவான சான்று. உருவாக்க வரிசையில் அவன் முதலில் தோன்றுவது இரண்டாம் அத்தியாயமான 'கிறிஸ்துமஸ் வித் தி ஜோக்கர்' என்பதில். ஆனால் அது 1992 நவம்பரில்தான் ஒளிபரப்பாயிற்று. அதற்கு முன்பே செப்டம்பர் 11 அன்று 'ஜோக்கர்ஸ் ஃபேவர்' வந்துவிட்டது. சார்லி காலின்ஸ் என்னும் எளிய குடும்பத்தலைவன், வேலைநாள் முடிந்து சலிப்புடன் காரோட்டி வரும்போது, முன்னே சென்ற காரோட்டியைத் திட்டிவிடுகிறான். அந்தக் காரோட்டி ஜோக்கர். உயிருக்கு அஞ்சிய சார்லி, என்றேனும் ஓர் உதவி செய்வதாக வாக்களித்துத் தப்புகிறான். ஈராண்டுகளுக்குப் பின் அந்த வாக்கு அவனைத் தேடி வருகிறது.

ஒளிபரப்பு வரிசையில் பார்ப்பவர் ஜோக்கரை முதலில் ஓர் எளியவனின் அச்சத்தின் வழியே அறிகிறார். உருவாக்க வரிசையில் பார்ப்பவர்க்கு அவன் முன்பே அறிந்த வேடிக்கைக் கொடியவன். எனவே ஜோக்கர் இத்தொடரில் எவ்வாறு அறிமுகமாகிறான் என்று எழுதும் மதிப்பீட்டாளர், எந்த வரிசையைப் பின்பற்றினார் என்பதைக் குறிப்பிடாவிட்டால் அவர் கூற்று சரிபார்க்க இயலாததாகிவிடும்.

வரைவுக்கூடங்களும் தரவேறுபாடும்

கதை, கதைப்பலகை, குரல், இசை ஆகியவை அமெரிக்காவில் முடிவாயின. அசைவுகளை வரையும் பணியோ ஜப்பான், தென்கொரியா முதலிய நாடுகளின் பல கூடங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. டோக்கியோ மூவி ஷின்ஷா, சன்ரைஸ், ஸ்பெக்ட்ரம், டோங் யாங் ஆகியன அவற்றுள் சில. ஒரே உருவமாதிரியைப் பின்பற்றினும் கூடத்துக்குக் கூடம் கைத்திறன் வேறுபட்டது.

'ஃபீட் ஆஃப் க்ளே' என்னும் இருபகுதிக் கதை இவ்வேறுபாட்டைக் கண்கூடாகக் காட்டுகிறது. விபத்தில் முகம் சிதைந்த மேட் ஹேகன் என்னும் நடிகன், முகத்தை விரும்பியவாறு குழைக்க உதவும் ஒருவகைக் களிம்புக்கு அடிமையாகி, இறுதியில் களிமண்ணுடலாகவே மாறிவிடும் கதை அது. முதற்பகுதியைத் தென்கொரியக் கூடம் ஒன்று வரைந்தது. இரண்டாம்பகுதியை டோக்கியோ மூவி ஷின்ஷா வரைந்தது. முடிவில், தான் முன்பு ஏற்ற வேடங்கள் அனைத்தும் திரைகளில் ஒரே நேரத்தில் ஒளிர, ஹேகனின் உடல் தன் கட்டுப்பாட்டை மீறி உருவங்களை மாற்றிக்கொண்டே போகிறது. அக்காட்சியின் ஆற்றல் முற்றிலும் அசைவின் நுட்பத்தில் தங்கியுள்ளது.

முதற்பகுதி தொய்வாகவும் இரண்டாம்பகுதி விறுவிறுப்பாகவும் இருப்பதாக உணரும் மதிப்பீட்டாளர், எழுத்தாளர் முதற்பகுதியில் தவறினார் என எழுதிவிடக்கூடும். கதைப்போக்கை மட்டும் தனியே எடுத்து நோக்கினால், முதற்பகுதி தன் பணியைச் செவ்வனே செய்திருப்பது புலப்படும். பார்வையாளர் காண்பது திரையை மட்டுமே, உருவாக்கச் சூழல் அவர்க்கு எதற்கு என்று இதனை மறுப்பாரும் உண்டு. சுவைப்பதற்கு அது தேவையில்லை என்பது உண்மை. ஆயின் குறைக்கும் நிறைவுக்கும் காரணம் கூற முற்படும்போது, அக்காரணம் உரிய இடத்தில் சுட்டப்பட வேண்டும். ஏடு எழுதுவோர் பிழையைப் புலவர் பிழையாகக் கொள்ளலாகாது என்பது பதிப்புத்துறை நெடுங்காலமாகக் காத்துவரும் நெறி. அந்நெறி இங்கும் பொருந்தும்.

தணிக்கையும் குறிப்புப்பொருளும்

சிறுவர்க்கான நேரத்தில் ஒளிபரப்பானதால் இத்தொடர் பல கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. கொலையை நேரே காட்டல், குருதி முதலியன விலக்கப்பட்டன. புரூஸ் வெய்ன் தன் பெற்றோரைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்தவன். கதையின் அடித்தளமே அந்த இறப்புதான். காட்டக்கூடாத ஒன்றையே மையமாகக் கொண்ட தொடர் அதனைக் குறிப்பால் உணர்த்தியாக வேண்டியதாயிற்று.

1993 பிப்ரவரியில் ஒளிபரப்பான 'ராபின்ஸ் ரெக்கனிங்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சர்க்கஸ் கூடாரத்தில் ஊஞ்சல் வித்தை செய்யும் பெற்றோர், கயிறு அறுக்கப்பட்டதால் விழுந்து இறக்கின்றனர். அவர்கள் மகன் டிக் கிரேசனே பின்னாளில் ராபின் ஆகிறான். வீழ்ச்சி திரையில் காட்டப்படவில்லை. ஊஞ்சல் காட்சிச் சட்டகத்துக்கு வெளியே செல்கிறது. திரும்பி வரும்போது அறுந்த கயிறு மட்டுமே இருக்கிறது. சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் உள்ளமே நிரப்பிக்கொள்ளும் குறிப்புப்பொருளின் இயல்பை இக்காட்சியில் காணலாம். நேரே காட்டியிருந்தால் அது விபத்துக் காட்சியாக முடிந்திருக்கும். அறுந்த கயிறோ சிறுவன் கண்ட வெறுமையைப் பார்ப்பவர்க்கும் உரியதாக்குகிறது. இந்த அத்தியாயம் 1993ஆம் ஆண்டு பிரைம்டைம் எம்மி விருது பெற்றது.

தணிக்கை கலைக்கு நல்லது என்னும் முடிவுக்கு இது இட்டுச்செல்லாது. கட்டுப்பாடு அனைத்து அத்தியாயங்களுக்கும் பொதுவாக இருக்க, சிலவற்றில் மட்டுமே அது கலையாயிற்று. எவ்வெவற்றில் ஆயிற்று என்பதைப் பிரித்துக் காண்பதே மதிப்புரையின் பணி.

கொடியவனின் அவலம்

மிஸ்டர் ஃப்ரீஸ் என்னும் பாத்திரம் 1959இல் மிஸ்டர் ஜீரோ என்னும் பெயரில் வரைகதையில் அறிமுகமானது. அங்கு அவன் உறையவைக்கும் துப்பாக்கி ஏந்திய சாதாரணக் குற்றவாளி. பால் டினி எழுதிப் புரூஸ் டிம் இயக்கிய 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' 1992 செப்டம்பர் 7 அன்று ஒளிபரப்பாகி, அப்பாத்திரத்தை முழுமையாக மாற்றியமைத்தது. விக்டர் ஃப்ரீஸ் இங்கு ஓர் அறிவியலறிஞன். தீராநோயுற்ற மனைவி நோராவை, மருந்து கண்டறியும்வரை காக்க எண்ணி உறைநிலையில் வைத்திருக்கிறான். நிறுவனத் தலைவன் பொருட்செலவைக் காரணங்காட்டி அந்த முயற்சியைத் தடுத்து நிறுத்த, அப்போது நேர்ந்த விபத்தில் ஃப்ரீஸின் உடல் கடுங்குளிரில் மட்டுமே வாழக்கூடியதாகிவிடுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நிலைக்களனாகக் கூறும் நான்கனுள் இழவும் ஒன்று. இந்த அத்தியாயம் இழவைக் களனாகக் கொண்டும் அழுகையைப் புறத்தே காட்டாமல் அடக்குகிறது. மைக்கேல் அன்சாரா ஃப்ரீஸுக்குக் கொடுத்த குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. உணர்வு இறந்துவிட்டதாக அவன் சொல்லிக்கொள்கிறான். கையில் வைத்துள்ள பனிக்குமிழிப் பொம்மையோ அது பொய் என்று காட்டுகிறது. எழுத்துக்காக டேடைம் எம்மி விருது பெற்ற இவ்வத்தியாயத்துக்குப் பின், வரைகதைகளும் இவ்வரலாற்றையே ஏற்றுக்கொண்டன. 'ஜோக்கர்ஸ் ஃபேவர்' அத்தியாயத்தில் துணைப்பாத்திரமாகத் தோன்றிய ஹார்லி குவின் 1993இல் வரைகதைக்கும், 2016இல் நடிகர் நடித்த திரைப்படத்துக்கும் சென்றாள். வழிப்பனுவல் மூலப்பனுவலைத் திருத்தியமைக்கும் இந்நிகழ்வு, தழுவல் ஆய்வில் தனிக் கவனம் பெறவேண்டியது.

பார்த்தலைப் பற்றிய அத்தியாயம்

'பிவேர் தி கிரே கோஸ்ட்' (1992 நவம்பர் 4) தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதையே கதைப்பொருளாகக் கொண்டது. நகரில் வெடிகுண்டுத் தாக்குதல்கள் நிகழ்கின்றன. சிறுவயதில் தந்தையுடன் பார்த்த 'கிரே கோஸ்ட்' தொடரின் ஓர் அத்தியாயத்தை அவை ஒத்திருப்பதைப் பேட்மேன் உணர்கிறான். ஆனால் அதன் முடிவு நினைவில் இல்லை. படச்சுருள்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட நிலையில், அத்தொடரின் நாயகனாக நடித்துப் பின் வாய்ப்பின்றி வறுமையுற்ற சைமன் ட்ரெண்டைத் தேடிச் செல்கிறான். அவரிடம் எஞ்சியிருந்த படியே குற்றம் துலங்க உதவுகிறது.

ட்ரெண்டுக்குக் குரல் கொடுத்தவர் ஆடம் வெஸ்ட். 1966 முதல் 1968 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரில் பேட்மேனாக நடித்தவர். பழைய பேட்மேனிடம் புதிய பேட்மேன் நன்றிக்கடன் செலுத்தும் இரண்டாம் அடுக்கு இதனால் உருவாகிறது. இவ்வடுக்கை அறியாதார்க்கும் கதை விளங்கும்; அறிந்தார்க்குப் பொருள் விரியும். நினைவில் உள்ள அத்தியாயம் வேறு, மீண்டும் பார்க்கும் அத்தியாயம் வேறு என்பதையும் இக்கதை உணர்த்துகிறது. நினைவை மட்டும் நம்பியிருந்தால் பேட்மேனால் குற்றவாளியைக் கண்டறிந்திருக்க இயலாது. நினைவை மட்டும் நம்பி எழுதப்படும் மதிப்புரைக்கும் இதுவே நிலை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் நெறிகள் வருமாறு:

1. மதிப்பீட்டாளர் தாம் பின்பற்றிய அத்தியாய வரிசையைக் குறிப்பிடுதல் வேண்டும். வரிசை மாறின் பாத்திர அறிமுகமும் பொருளும் மாறும்.

2. எழுத்து, வரைவு, குரல், இசை ஆகியவற்றின் நிறைகுறைகளைத் தனித்தனியே பிரித்துக் கூறுதல் வேண்டும். பலர் கைப்பட்ட பனுவலின் குறையை ஒருவர்மேல் ஏற்றலாகாது.

3. ஒளிபரப்பு விதிகளை அறிந்து, காட்டப்படாதவற்றையும் பனுவலின் உறுப்பாகக் கொள்ளுதல் வேண்டும்.

4. முன்வடிவங்களுடன் ஒப்பிட்டுப் புதுமை எங்குள்ளது என்பதைச் சுட்டுதல் வேண்டும்.

5. நினைவைச் சாராது, எழுதுமுன் அத்தியாயத்தை மீண்டும் பார்த்தல் வேண்டும்.

ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் சிறுவர் தொடர் அத்தியாயத்துக்கு இத்துணை நெறிகள் தேவையா எனில், அவ்விருபது நிமிடத்துக்குள் இழப்பும் அச்சமும் நன்றியும் பார்ப்பவர் உள்ளத்தில் பதியுமாறு அமைக்கப்பட்டுள்ளன என்பதே விடை. நூலொன்றுக்குக் காட்டும் பொறுப்பை இவ்வகைப் பனுவல்களுக்கும் ஆய்வுலகம் காட்டுமாயின், மதிப்புரை என்பது மதிப்பெண் வழங்கும் நிலையிலிருந்து விளக்கம் தரும் நிலைக்கு உயரும்.